கம்பளிக்குத் தீட்டு இல்லை

பட்டாபிராமனுக்குச் சாஸ்திரம் முழுக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் தமக்கு வேண்டிய சமயத்தில் வேண்டிய அளவு சாஸ்திரம் அவர் வாயில் வந்து நிற்கும். ரொஸாரியோ அம்மாளின் கம்பளிநூல் கடையில் புது வருஷத்து வகுப்பு தொடங்கப் போகிறது, பெண்களுக்கு மட்டும்தான், நானும் போகட்டுமா என்று நாகலக்ஷ்மி கேட்டபோது, மனுஷர் காபித் தம்ளரைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கம்பளி பின்னலாம், குரோஷா கூடாது. கம்பளிக்கும் பட்டுக்கும் தீட்டு இல்லை, யார் கை பட்டாலும் ஒட்டாது. குரோஷா என்பது கொக்கி ஊசியால் போடுகிற பருத்தி நூல். அதைத் தொட்டுவிட்டு வந்தால் வீடு வந்ததும் முழுக வேண்டியிருக்கும். ஆகையால் கம்பளியோடு நிறுத்திக்கொள் என்றார்.

இவ்வளவு சுலபமாக அனுமதி கிடைத்ததில் நாகலக்ஷ்மிக்கே ஆச்சரியம். காரணம் பிறகுதான் விளங்கிற்று. ஐரோப்பாவில் சண்டை தொடங்கி அது மூன்றாவது குளிர்காலம். கல்கத்தாவில் துரைசானிகள் எல்லாரும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து சிப்பாய்களுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார்கள். பட்டாபிராமன் வேலை பார்த்த கணக்கு ஆபீஸில் பெரிய துரையின் மனைவியும் அந்தக் கைங்கரியத்தில் சேர்ந்திருந்தாளாம். தம் மனைவியும் பின்னுகிறாள் என்று நாலு பேர் காதில் விழும்படி ஆபீஸில் சொல்லிக்கொள்ள மனுஷருக்கு ஆசை. தலைமைக் குமாஸ்தா வேலை காலியாகப் போகிற நேரம் அது. அந்த நேரத்தில் சாஸ்திரம் குறுக்கே நிற்குமா?

நாகலக்ஷ்மியின் காரணம் வேறு. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி, ராஜாராமன். தாயார் போனபோது அவனுக்கு நடை பழகும் வயது. அக்காள் இடுப்பிலேயே வளர்ந்தவன். நாகலக்ஷ்மிக்குக் குழந்தை இல்லை என்று யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குக் கோபம்தான் வரும். ராஜாராமன் பின்னே யார்? தகப்பனாரும் கண்ணை மூடிய பிறகு பையன் படிப்பதற்காகக் கல்கத்தாவில் பவானிபூருக்கு, அக்காள் குடியிருந்த மாடி வீட்டுக்கே வந்து சேர்ந்தான். இன்டர்மீடியட் பரீட்சை தேறவில்லை. அன்றிலிருந்து பட்டாபிராமன் இலைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் அரிசி விற்கிற விலையைப் பற்றித்தான் பேசுவார். யாரையும் பெயர் சொல்லித் திட்ட மாட்டார், அவ்வளவு நாசூக்கு. ஒருநாள் மட்டும் தண்டச்சோறு என்ற வார்த்தை வாய்தவறி வந்துவிட்டது.

ராஜாராமன் பாதியில் எழுந்திருக்கவில்லை. மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, கையை அலம்பிக்கொண்டு வெளியே போனவன், ராணுவச் சரக்கு இலாகாவில் குமாஸ்தாவாகப் பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். மார்கழி பிறப்பதற்கு முன்பே, அரபு தேசத்துப் போர்முனையில் இருந்த பஸ்ராவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். கடல் தாண்டக் கூடாது என்று ஒரு சாஸ்திரம் உண்டே, அது அன்றைக்குப் பட்டாபிராமன் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. குளிர்காற்றுப் பட்டால் போதும், மார்பில் விசில் அடிக்கும். பஸ்ராவில் பகலெல்லாம் வெயில், பொழுது சாய்ந்தால் எலும்பை நடுக்கும் குளிர் என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டது முதல் நாகலக்ஷ்மிக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு ஆபீஸைச் சேர்ந்த அனந்தகிருஷ்ணன் என்பவன் தை மாதக் கடைசியில் அதே ஊருக்குக் கிளம்புகிறான் என்று தெரிந்தது. அவன் கையில் ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தனுப்பிவிட வேண்டும். அவள் வகுப்புக்குப் போனது இதற்காகத்தான். நூல் வாங்கியதுகூட, கிளம்பும்போது ராஜாராமன், அவள் வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல், கையில் திணித்துவிட்டுப் போன முன்பணத்தில்.

கடை ரஸ்ஸா ரோடில், டிராம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரரின் மருமகள் ஹேமாங்கினி தீதி (அக்காளை வங்காளிகள் தீதி என்பார்கள்) கீழ்ப்பகுதியில் இருந்தாள்; அவளும் வகுப்பில் சேர்ந்ததால் வழித்துணைக்குக் குறைவில்லை. வகுப்பு நடக்கிற மத்தியானங்களில் கடை வாசலில் கனத்த திரை தொங்கும். ஆண்பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்க்காதபடி தர்வான் ஒருவன் முக்காலி போட்டுக் காவல் இருப்பான். உள்ளே ரொஸாரியோ அம்மாள், கறுப்பு கவுனும் தடித்த கண்ணாடியுமாக, வங்காளமும் ஹிந்துஸ்தானியும் இங்கிலீஷும் கலந்து ஒரு பாஷை பேசிக்கொண்டு நடமாடுவாள். நாகலக்ஷ்மிக்கு வங்காளம் அரைகுறை. புரியாததை ஹேமாங்கினி தீதி இன்னும் மெதுவான வங்காளத்தில் சொல்லிக் கொடுப்பாள்.

முதல் நாளன்று சுவரோடு கட்டிய கயிற்றில் மாதிரிகள் தொங்கின. மஃப்ளர், குரங்குக் குல்லாய், குழந்தைக் காலுறை, கைவைத்த சட்டை, ஒரு கோடியில் குரோஷாவில் போட்ட மேஜை விரிப்பு. ஒவ்வொருத்தியும் அதில் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்டதை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது; கடைசி நாளன்று முடித்ததைக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்ட வேண்டும். புது வருஷத்தில் எடுத்த வேலையை அந்தரத்தில் விட்டால் வருஷம் பூராவும் அந்தரத்தில் தொங்கும் என்பது ரொஸாரியோ அம்மாளின் நம்பிக்கை. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் மஃப்ளரைத் தொட்டார்கள். ஊசியையே அன்றுதான் கையில் பிடித்த நாகலக்ஷ்மி எழுந்து போய்ச் சட்டையைத் தொட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

யாருக்கு, அளவு எங்கே என்று ரொஸாரியோ அம்மாள் கேட்டாள். நாகலக்ஷ்மி விழித்தாள். பின்னுகிற துணிக்கு என்ன அளவு? வேஷ்டிக்கு அளவு உண்டா, புடவைக்கு அளவு உண்டா, சால்வையை யார் போர்த்திக்கொண்டாலும் சால்வைதானே? கம்பளிச் சட்டை அப்படியில்லை, முதல் வரிசையில் ஊசிமேல் எத்தனை சுருக்கு, அதாவது கண், ஏற்றுகிறோமோ அதிலேயே ஆளின் உடம்பு இருக்கிறது என்று விளக்கினாள் அந்த அம்மாள். அடுத்த வகுப்புக்கு அவள் ராஜாராமன் ஆணியில் மாட்டிவிட்டுப் போன பழைய சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அதை மேஜையில் பரப்பியபோது மார்பும் தோளும் எவ்வளவு ஒடுங்கலாகத் தெரிந்தன! பெற்றவளைப் போல வளர்த்தவள் அதன் சுருக்கங்களைக் கையால் நீவி நீவிவிட்டாள்.

பின்னினாள். பவானிபூரில் அடுப்புக் கரிப்புகை தெருவெல்லாம் படியும் சாயங்காலங்களில், மொட்டைமாடி வெயிலில், சாதம் கொதிக்கிற நேரத்தில், எங்கே உட்கார்ந்தாலும் மடியில் அந்த டிகாக்ஷன் நிறக் கம்பளி கிடந்தது. முதலில் பின்னியதெல்லாம் கோணல்மாணலாக வந்தது. பிரி என்று சொல்லிவிட்டாள் ரொஸாரியோ அம்மாள். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும், அதை அப்படியே மறுபடி பின்னினால் கண் சரியாக விழாது. யாரையாவது இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அந்தக் கைகளில் வளையமான சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டுக் காயவைத்தால் நெளிவு போய்விடும். வீட்டில் யாரைக் கேட்பது? பட்டாபிராமனைக் கேட்டாள். கையை நீட்டிக்கொண்டு உட்கார நான் என்ன மரப்பாச்சியா என்று அவர் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் தன் கால்களை நீட்டி, இரண்டு பாதங்களிலும் நூலை மாட்டிச் சுற்றிக்கொண்டாள். ராஜாராமன் இருந்திருந்தால் கையை நீட்டியிருப்பான், பாட்டும் பாடியிருப்பான் என்று நினைத்தபோது கண் மறைத்தது.

மார்புப் பக்கம் வந்ததும் ஒற்றை நூல் போதாது என்று அவளுக்குத் தோன்றிற்று. இழுப்புக்காரன் மார்பு அது. இரட்டை நூலாகப் போட்டாள். அழகு கெட்டுவிடும் என்றாள் ரொஸாரியோ அம்மாள். இருக்கட்டும் என்று தலையை ஆட்டினாள் இவள். தை மாதக் கடைசிக்குள் சட்டை முடிந்தது. அதைக் கையில் தூக்கிப் பார்த்த பட்டாபிராமன், பொத்தானே இல்லாமல் இதை எப்படி மாட்டிக்கொள்வது என்று கேட்டார். அவளுக்கு இருந்த பெருமையில், தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம், கம்பளி அல்லவா, இழுத்தால் நீளும் என்று இழுத்தே காட்டினாள். அந்த வாயை அன்றைக்குக் கட்டியிருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் துரைமார் வீட்டுக்குக் கூடை நிறையப் பழமும் கேக்கும் சுமந்து போவது ஆபீஸ் வழக்கம். டாலி என்று அதற்குப் பெயர். பட்டாபிராமன் அந்த வருஷம் ஆரஞ்சுக் கூடை கொண்டுபோயிருந்தார். துரை வீட்டு வராந்தாவில் ஏற்கெனவே இருபது ஆரஞ்சுக் கூடைகள். துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மேஜை லக்ஷ்மிநாராயணன் எங்கிருந்தோ ஒரு மான்தோல் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்து, துரையோடு இரண்டு நிமிஷம் பேசியும் விட்டார். அந்த மான்தோல் அன்றிலிருந்து பட்டாபிராமன் மனசை அறுத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் நாகலக்ஷ்மிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் சட்டையைப் பூட்டி வைக்கவில்லை. சொந்த வீட்டில் யார் பூட்டி வைப்பார்கள்?

அனந்தகிருஷ்ணன் மறுநாள் கிளம்புகிறான். சுக்கும் திப்பிலியும் இடித்த பொடி, உப்பு நார்த்தங்காய், இரண்டையும் பொட்டலமாகக் கட்டிப் பெட்டிமேல் மடித்து வைத்திருந்த சட்டையோடு சேர்க்கலாம் என்று மத்தியானம் வந்து பார்த்தாள். சட்டையைக் காணோம். பெட்டிக்குள், படுக்கைச் சுருளில், மாடிக் கொடியில், கீழே ஹேமாங்கினி தீதி வீட்டில், எங்கும் இல்லை. காலையில் பட்டாபிராமன் ஆபீஸுக்குப் போகும்போது கையில் ஏதோ காகிதப் பொட்டலம் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் சிரித்த முகமாக வந்தார். கையில் சந்தேஷ் வாங்கி வந்திருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தாமாக இனிப்பு வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"துரைக்கு ரெண்டு நாளா இருமல்டி. பார்க்கச் சகிக்கலை" என்றார். "அதான் கொண்டுபோய்க் குடுத்தேன். என் சம்சாரம் கையால பின்னினதுன்னேன். சிரிச்சார். கையைப் பிடிச்சுக் குலுக்கினார்."

"அது ராஜாராமனுக்கு அளவெடுத்தது. துரை சரீரத்துக்கு அதுல தலைகூட நுழையாது."

"நீதானே சொன்னே, இழுத்தா நீளும்னு."

நாகலக்ஷ்மி குரலைத் தணித்துக் கேட்டாள், கெஞ்சியும் கேட்டாள். மறுநாள் காலையில் போய் ஏதாவது சொல்லித் திருப்பி வாங்கி வந்துவிடச் சொன்னாள். கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்பது மகா பாபம் என்று அதற்கும் ஒரு சாஸ்திரம் வந்து நின்றது. சண்டை நாளைக்கே முடிந்துவிடப் போகிறதா, கப்பல் போய்க்கொண்டேதான் இருக்கும், இன்னொன்று பின்னினால் போச்சு, இந்தத் தடவை சீக்கிரமாகவே வருமே என்றார் அவர். சமாதானம் சொல்லிவிட்ட திருப்தியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே உலாவப் போனார். அவள் சந்தேஷை எடுத்துப் போய் மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். காக்காய்கள் தின்றன.

அனந்தகிருஷ்ணனிடம் பொடியும் நார்த்தங்காயும் மட்டும் போயின. சட்டை பின்னால் வருகிறது என்று தம்பியிடம் சொல்லச் சொன்னாள்.

வகுப்பின் கடைசி நாள் வந்தது. போகவே கூடாது என்றிருந்தாள். ஹேமாங்கினி தீதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொருத்தியும் எழுந்து முடித்த வேலையைக் காட்டினாள். மஃப்ளர்கள், குல்லாய்கள், ஒரு ஜோடிச் சின்னக் காலுறை. சட்டையைத் தொட்டவளின் முறை வந்தபோது நாகலக்ஷ்மி வெறுங்கையோடு எழுந்து நின்றாள். சட்டை பஸ்ராவுக்குப் போய்விட்டது, தம்பி போட்டுக்கொண்டிருப்பான் என்று தன் அரைகுறை வங்காளத்தில் பொய் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். ரொஸாரியோ அம்மாள் அவள் நெற்றிக்கு நேரே காற்றில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்தாள். நாகலக்ஷ்மி அழுதாள். தம்பி நினைவில் அழுகிறாள் என்று நினைத்து அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தட்டிய கை ஒவ்வொன்றும் தன் கன்னத்தில் விழுவது போல அவளுக்கு இருந்தது.

அன்றே இன்னொரு சட்டைக்கு நூல் கேட்டாள். சண்டையினால் சரக்கு வரவில்லை. அந்த நிறம் இல்லை, அந்தத் தடிமனும் இல்லை. மிச்சம் மீதியாகக் கிடந்த சாம்பல் நிற நூலை ரொஸாரியோ அம்மாள் கொடுத்தாள். அதில் பின்னத் தொடங்கினாள். விரல் முன்போல ஓடவில்லை. சட்டையின் ஒரு கைதான் முடிந்திருந்தது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் அரைநாள். பட்டாபிராமன் வழக்கத்துக்கு முன்னால் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. முகம் சரியில்லை.

"நாகு, ராஜாராமன் போயிட்டான்" என்றார். "மார்ல கபம் கட்டி ஜுரமாம். அனந்தகிருஷ்ணன் போய்ச் சேர்றதுக்குள்ளயே எல்லாம் ஆயிடுத்தாம். போய்ப் பார்த்துட்டு அவன்தான் ஆபீஸுக்குத் தந்தி அடிச்சிருக்கான்."

அவள் அடுப்பிலிருந்து இறக்கிய வெண்கலப்பானையைக் கீழே வைத்தாள். மூடினாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கத்தவில்லை. சட்டை போய்ச் சேர்ந்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா என்று ஒரு டாக்டரைக் கேட்டால் அவர் சிரிப்பார். அனந்தகிருஷ்ணனே போய்ச் சேரவில்லையே, அவன் கையிலிருந்த சட்டை எப்படிச் சேரும் என்பார். கணக்கு சரிதான். ஆனால் பின்னால் வருகிறது என்று சொல்லியனுப்பிய வார்த்தைகூடத் தம்பி காதில் விழவில்லை. சட்டை ஒன்று தனக்காகப் பின்னப்பட்டது என்றே தெரியாமல் அவன் குளிரில் கிடந்து செத்தான். வயிறு எரிகிறவளிடம் எந்தக் கணக்கைக் காட்டுவது?

பட்டாபிராமன் கொஞ்ச நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வருத்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சாஸ்திரம் வந்துவிட்டது. கல்யாணமாகிப் போன அக்காளுக்குத் தம்பி தீட்டே கொஞ்சம்தான். அதுவும் இவ்வளவு நாள் கழித்துக் காதில் விழுந்தால் ஒரு முழுக்கோடு தீர்ந்தது. குழாயிலே தண்ணீர் வருகிறது, முழுகிவிட்டு வந்துவிடு என்றார். பத்து மாதம் சுமக்காவிட்டாலும் பத்து வருஷம் இடுப்பில் சுமந்த பிள்ளை. ஒரு வாளித் தண்ணீரில் அவனைக் கழுவிவிடலாம் என்கிறார்.

அவர் கக்கத்தில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். அவிழ்த்தார். உள்ளே இருந்தது டிகாக்ஷன் நிறக் கம்பளி.

அவள் பார்த்தாள். கைகள் இரண்டும் இல்லை. தோளோடு கத்தரிக்கோல் போட்டு வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்திலிருந்து கண்கள் கழன்று, ஓட்டை கீழே கீழே ஓடியிருந்தது. முழுக்க வெள்ளை வெள்ளையாக மயிர். இரட்டை நூல் போட்ட மார்பில் சேறு காய்ந்திருந்தது.

"துரைக்குப் போடமுடியலையாம்" என்றார் பட்டாபிராமன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவா ஆத்துல ஒரு வேட்டைநாய் இருக்கு, கன்னுக்குட்டி உசரம். அதுக்குக் கச்சிதமா இருக்காம். அடுத்த மாசம் டார்ஜிலிங் போறா, அங்கே குளிர் ஜாஸ்தி. முன்னங்கால் நுழையற இடம் பிரிஞ்சு பிரிஞ்சு போறதாம், அதை மட்டும் தைச்சுக் குடுத்தாப் போறும். திங்கட்கிழமை காலம்பற பியூன் வருவான்." அவள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தைரியம் வந்தது. "உன்னை இன்னிக்கே பண்ணச் சொல்லலை. முழுகினப்புறம் தோஷம் இல்லை. முழுகாட்டாலும்தான் என்ன, கம்பளிக்குத் தீட்டு கிடையாது. நம்மாத்து வேலை துரை ஆத்துல நித்யம் உபயோகத்துல இருக்குன்னா, அது சின்ன விஷயமா?"

நாகலக்ஷ்மி எழுந்து வந்தாள். சட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி, உட்காருங்கோ என்றாள். உட்கார்ந்தார்.

"கையை நீட்டுங்கோ."

"எதுக்கு?"

"ரெண்டு கையையும்."

அந்தக் குரலை அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கோபக் குரல் என்றால் அதட்டி அடக்கியிருப்பார். அது கோபமாக இல்லை. பின்னல் வகுப்பில் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். அவர் கையை நீட்டினார். அவள் கழுத்து ஓரத்தில் தான் போட்ட முடிச்சைத் தேடி எடுத்து, பல்லால் அறுத்து, நூலை இழுத்தாள். கம்பளி வரிசை வரிசையாகக் கழன்றது. இரண்டு மணிக்கட்டையும் சுற்றிச் சுற்றி அதைச் சிட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

என்ன செய்கிறாள் என்பது பட்டாபிராமனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் பதறினார். வேண்டாம், நிறுத்து, நான் வேறு யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள்கிறேன் என்றார். எழுந்திருக்கப் பார்த்தார், மணிக்கட்டில் நூல் இறுகிற்று. இறக்காதேங்கோ, சிக்கிக்கும் என்றாள் அவள். கத்தரித்த இடங்களில் நூல் அறுந்து அறுந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் நின்று, முடிச்சுப் போட்டு, மேலே இழுத்தாள். கையில் ஒட்டிய நாய்மயிரை அவள் தட்டிவிடவில்லை. தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. கீழே ஹேமாங்கினி தீதி வீட்டில் சங்கு ஊதி விளக்கேற்றினார்கள். இவர்கள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.

"துரைக்கு நான் என்னடி பதில் சொல்வேன்?" என்றார் அவர். குரல் அழுகைக்கு வந்துவிட்டது.

"யாருக்குப் பின்னினதோ அவனே எடுத்துண்டுட்டான்னு சொல்லுங்கோ."

மார்பு வந்ததும் இரட்டை நூலாக வந்தது. சிட்டம் கனத்தது. அவர் முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டார். அது எதனால் இரட்டையாக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த இழுப்பைப் பக்கத்து அறையிலிருந்து அவரும் எத்தனையோ மார்கழி ராத்திரியில் கேட்டுவிட்டுப் போர்வையைக் காதுவரைக்கும் இழுத்துக்கொண்டவர்தானே. அடி வரிசையும் கழன்றது. சட்டை என்று ஒன்று இருந்த இடத்தில் அவள் மடி வெறுமையாக இருந்தது.

சிட்டத்தை அவர் கைகளிலிருந்து உருவி எடுத்தாள். நெளிநெளியாக, ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது அதற்கு. மார்போடு அணைத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிற வழியில் நின்றாள்.

"கம்பளிக்குத் தீட்டு இல்லேன்னேள். இதுக்கு உண்டு" என்றாள். "எனக்கு ஒரு முழுக்கு, இதுக்கு ஒரு முழுக்கு. உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு ஒண்ணும் ஒட்டாது."

குழாய் திறந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் அவள் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள், ராஜாராமா ராஜாராமா என்று. ஹேமாங்கினி தீதி என்னவோ ஏதோ என்று மாடிப்படியில் ஓடி வந்தாள். இருட்டில், பெட்டியின்மேல், பட்டாபிராமன் இரண்டு கையையும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் நாய்மயிர் ஒட்டியிருந்தது.